ட்ரெட்மில்லிலிருந்து தெருவுக்கு: புதிதாக ஓடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜிம்மில் ட்ரெட்மில் மேல் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறவர், வெளியே வந்த முதல் நாள் ஐந்தே நிமிடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். "நமக்கு ரோட்டில் ஓட வராது" என்று ஜிம்முக்கே திரும்பிவிடுவார். சென்னையில் காலை நேரத்தில் புதியவர்களோடு ஓடும்போது நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

அவர்களுக்குத் தெம்பு குறைவு என்று சொல்ல மாட்டேன். வேகம், தரை, வெக்கை, தூரம் என்று நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறார்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் ஆறு வாரத்தில் நிம்மதியாக வெளியே ஓடலாம். எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் தொடுவது என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் சென்னையைச் சேர்ந்தவை. கோவையோ மதுரையோ என்றால் நேரத்தையும் இடத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

ட்ரெட்மில்லில் வாரம் மூன்று நாள், 25 முதல் 30 நிமிடம், ஒரு மாதமாவது ஓடியிருக்க வேண்டும். இடையில் நடை கலந்திருந்தாலும் பரவாயில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அதைவிட மெதுவாகத்தான் பலப்படும். அந்த ஒரு மாதம் அவற்றுக்காக.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள், நாற்பதைத் தாண்டி இப்போதுதான் உடற்பயிற்சி பக்கம் வந்தவர்கள், முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களும் சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பாக்கெட்டில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இல்லாமல் அவர்கள் கிளம்பக் கூடாது.

ஷூ: ஜிம்மில் ஓடிப் பழகிய அதே ஷூவையே போடுங்கள், அடிப்பகுதி தேய்ந்து வழுக்காமல் இருந்தால் போதும். வெளியே ஓடப் போகிறோம் என்று புது ஷூ வாங்கி அதே நாளில் தெருவில் இறங்குபவர்கள் நிறைய. பிறகு வலி வந்தால் அது ஷூவாலா தரையாலா என்று கண்டுபிடிக்க முடியாது. பருத்தி சாக்ஸ் வியர்வையில் நனைந்து கொப்புளம் போடும், செயற்கை நூல் சாக்ஸ் நல்லது. தொடை உரசுபவர்கள் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். ஏசி அறையில் தெரியாத உரசல் சென்னை வியர்வையில் எரிச்சலாகிவிடும்.

இருட்டில் கிளம்புவதானால் வெளிர் நிற சட்டை. வீட்டில் இருப்பவரின் போன் எண்ணும் உங்கள் பெயரும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று. வேறொன்றும் வேண்டாம்.

2. வெளியே போகும் முன், ட்ரெட்மில்லிலேயே இரண்டு வாரம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். இது முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் கைப்பிடியை விடுங்கள். கைப்பிடியைப் பிடித்து ஓடும்போது உடம்பின் எடையில் ஒரு பகுதி அதில் இறங்கிவிடுகிறது. கைவிட்டதும் மூச்சு வாங்கினால், இதுவரை நீங்கள் பார்த்த வேகம் உங்கள் உண்மையான வேகம் இல்லை. கைவிட்டு ஓட முடிகிற அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்து, திரையைத் துண்டால் மூடிவிடுங்கள். மூச்சை வைத்து வேகத்தைக் கணித்துப் பழக வேண்டும். பத்து நிமிடம் ஓடிவிட்டு, "இப்போது எவ்வளவு இருக்கும்?" என்று மனதில் ஓர் எண் சொல்லிப் பார்த்துவிட்டுத் துண்டை எடுங்கள். வெளியே உங்களுக்கு வேண்டிய திறமை இதுதான்.

மூன்றாவது, ஒரே சாய்வில் ஓடாதீர்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 0, 1, 2, 3 என்று மாற்றிவிட்டுத் திரும்ப இறக்குங்கள். ட்ரெட்மில்லில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழுகிறது. வெளியே எந்த இரண்டு அடியும் ஒரே மாதிரி விழாது. கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னத் தசைகள் அதற்குத் தயாராக வேண்டும்.

வீட்டில் ஒரு வேலை: படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குங்கள், 15 முறை, இரண்டு தடவை. அப்புறம் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். மறுநாள் கெண்டைக்கால் பிடிப்பதைப் பெருமளவு குறைப்பது இந்த இரண்டும்தான்.

சாய்வை 1-இல் வைத்தால்தான் ரோட்டில் ஓடுவதற்குச் சமம் என்று ஜிம்மில் சொல்வார்கள். இது 1996-இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பேச்சு. வெளியே எதிர்காற்றைத் தள்ள ஆகும் செலவை அந்தச் சாய்வு ஈடுகட்டுகிறது. ஆனால் அவர்கள் சோதித்தது மணிக்கு 10.5 கி.மீ. முதல் 18 கி.மீ. வரை ஓடும் பயிற்சி பெற்றவர்களை. மணிக்கு 7, 8 கி.மீ. போகிறவருக்குக் காற்றின் தடை மிகச் சொற்பம். பெல்ட் காலைப் பின்னால் இழுத்துவிடுவதால் எளிது என்பதும் சரியில்லை. பெல்ட் ஒரே சீராக ஓடும்வரை உடம்பு செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வெளியே கஷ்டமாக இருப்பதற்குக் காரணங்கள் வேறு. வேகம் நம் கையில் இருக்கிறது, தரை மாறுகிறது, வெக்கை அடிக்கிறது.

3. இடத்தை முன்கூட்டியே நடந்து பாருங்கள்

ஓடப் போகும் பாதையை முந்தைய நாள், அதே நேரத்தில், நடந்தே ஒருமுறை சுற்றி வாருங்கள். மூடியில்லாத வடிகால், உடைந்த நடைபாதைக் கல், நாய்கள் படுக்கும் குப்பைத்தொட்டி, பள்ளி வேன் திரும்பும் முனை எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

என் பரிந்துரை வரிசை இது. முதலில் மாவட்ட விளையாட்டு அரங்கின் 400 மீட்டர் மண் தடம். வண்டி இல்லை, நாய் குறைவு, தரை மென்மை, தண்ணீர் பக்கத்தில். உள்வட்டம் வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கு, நீங்கள் வெளிவட்டத்தில் ஓடுங்கள். எட்டாவது தடத்தில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர் வரும். கணக்கில் அதை வைத்துக்கொள்ளாமல், "ஜிம்மில் ஓடியதைவிட மெதுவாக ஓடுகிறேனே" என்று சோர்ந்துபோனவர்கள் உண்டு.

அடுத்தது, வண்டி குறைந்த குடியிருப்புத் தெருக்கள். தார் ரோடு சிமென்ட் நடைபாதையைவிடச் சற்று இளகியது, அதிலும் இடறும் விளிம்புகள் இல்லை. கோவையில் இருந்தால் ரேஸ் கோர்ஸ் சுற்று தொடங்க அருமையான இடம். சென்னையில் நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா போன்றவை நிழலானவை. ஆனால் காலையில் நடப்பவர்கள் கூட்டம் அதிகம், வளைவுகளும் குறுகல். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நடக்க அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மெரினா மணலில் ஓடுவதை முதல் இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். உலர்ந்த மணலில் குதிகால் புதைந்து, குதிகால் தசைநார் அளவுக்கு மீறி இழுபடும். அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடல் பக்கம் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும்.

அதே சரிவு ரோட்டிலும் உண்டு. மழைத்தண்ணீர் வடிய ரோட்டின் நடு உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்கும். போகும்போதும் வரும்போதும் வலது ஓரத்திலேயே ஓடினால் வலது கால் மட்டும் தாழ்ந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பக்க இடுப்போ முழங்காலோ மட்டும் வலிக்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த ஓரத்தில் ஓடுகிறீர்கள் என்பதைத்தான். வண்டி வராத உள்தெருவைத் தேர்ந்தெடுத்து, சமமான பகுதியில் ஓடுங்கள்.

4. நேரமும் வெக்கையும்

சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5.40 வாக்கில் எழும். ஜனவரி கடைசியில் 6.35 ஆகிவிடும். எந்த மாதமானாலும், சூரியன் எழுந்து அரை மணிக்குள் ஓட்டம் முடிகிற மாதிரி கிளம்புங்கள். நாளிலேயே வெப்பம் குறைந்த நேரம் அதுதான்.

ஆனால் அந்த நேரத்தில் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். உடம்பு குளிர்வது வியர்வை வடிவதால் அல்ல, வியர்வை உலர்வதால். ஈரக் காற்றில் அது உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூடு இறங்காது, இதயம் வேகமாக அடிக்கும். ஏசி ஜிம்மில் சுகமாக இருந்த வேகம் தெருவில் மூச்சுமுட்ட வைப்பதற்கு இதுவே பெரிய காரணம். உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும், அதுவும் தொடர்ந்து வெளியே வந்தால்தான். அதுவரை வேகத்தைக் குறைப்பது தவிர வேறு வழி இல்லை.

மாலை 5 மணி எப்படி என்று கேட்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அப்போதும் தார் ரோடு பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், வண்டிப் புகையும் அதிகம். மாலைதான் முடியும் என்றால் இருட்டிய பிறகு அரங்கத்துக்குப் போங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் புதிதாகத் தொடங்கவே வேண்டாம், ட்ரெட்மில்லே போதும். தொடங்க நல்ல காலம் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. போகி அன்று மட்டும் வீட்டிலேயே இருங்கள், அந்தப் புகையில் ஓடக் கூடாது.

எழுந்ததும் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். காபி குடித்தே பழகியவர்கள் அரை டம்ளர் குடித்துக்கொள்ளலாம். அரை மணி ஓட்டத்துக்கு பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர், இல்லாவிட்டால் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. தாகம் இல்லாமலேயே லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் கெடுதல், ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும்.

தலைசுற்றல், குமட்டல், வெயிலில் மயிர்க்கூச்சு, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். கூட வந்தவர் குழறிப் பேசினாலோ எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

5. முதல் நாள்

தூரத்தை மறந்துவிடுங்கள், கடிகாரத்தை மட்டும் பாருங்கள். ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, இப்படி ஐந்து தடவை. கடைசியில் ஐந்து நிமிடம் நடை. மொத்தம் 25 நிமிடம்.

"நான் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவேனே, எதற்கு நடை?" என்று கேட்காதவரே இல்லை. காரணம் இரண்டு. நடை நிமிடம் வேகத்தைத் திரும்பக் கீழே கொண்டுவருகிறது; தெரியாமல் வேகம் ஏறியிருந்தாலும் அதோடு நின்றுவிடும். இன்னொன்று, மூச்சு தாங்கினாலும் கெண்டைக்காலும் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பும் கெட்டித் தரைக்கு இன்னும் பழகவில்லை. அன்றைக்கு அது தெரியாது, மறுநாள்தான் தெரியும்.

ஒரே திசையில் நேராகப் போய்க்கொண்டே இருக்காதீர்கள். ஜிம்மில் பட்டனை அமுக்கினால் இறங்கிவிடலாம். வெளியே நின்ற இடத்திலிருந்து வீட்டுக்கு வந்தாக வேண்டும். வீட்டைச் சுற்றியே வட்டமாக வரும் பாதை நல்லது.

பார்வை தரையில் பத்து அடி தள்ளி இருக்கட்டும். ட்ரெட்மில்காரர்கள் நேரே திரை இருக்கும் உயரத்திலேயே பார்த்துப் பழகியிருப்பார்கள், வேகத்தடையில் இடறுவது அதனால்தான்.

6. வேகத்தைக் கையில் எடுப்பது

ட்ரெட்மில்லில் சுவரும் கண்ணாடியும் நகராது. அதனால் உண்மையில் போவதைவிட வேகமாகப் போகிற மாதிரி தோன்றும். வெளியே வந்ததும் அதே "வேகமாகப் போகிற உணர்வை" மனம் தேடுகிறது, கால் தன்னாலே கூடுதலாக ஓடுகிறது. மணிக்கு 8 கி.மீ. பழகியவர் தெரியாமல் 10-இல் கிளம்பிவிடுவார். ஐந்து நிமிடத்தில் நிற்பது இதனால்தான்.

ஜிம்மில் மணிக்கு எத்தனை கி.மீ. என்று பார்ப்போம். ஓடும் செயலிகள் ஒரு கி.மீ.க்கு எத்தனை நிமிடம் என்று காட்டும். இந்த மாற்றுக் கணக்கு மனதில் இருக்கட்டும்: மணிக்கு 6 என்றால் கி.மீ.க்கு 10 நிமிடம், 7 என்றால் 8 நிமிடம் 34 நொடி, 8 என்றால் 7 நிமிடம் 30 நொடி, 9 என்றால் 6 நிமிடம் 40 நொடி, 10 என்றால் 6 நிமிடம்.

முதல் மாதம் உங்கள் ட்ரெட்மில் வேகத்திலிருந்து கி.மீ.க்கு ஒரு நிமிடமாவது கூட்டிக்கொள்ளுங்கள். மணிக்கு 8-இல் ஓடியவர் வெளியே எட்டரை நிமிடத்தில் ஒரு கி.மீ. போனால் அது சரியான வேகம். ட்ரெட்மில் காட்டும் எண்ணும் முழுசாக நம்பத் தக்கது இல்லை. பழைய மெஷின்களில் பெல்ட் தளர்ந்து கணக்கு மாறியிருக்கும், இரண்டு மெஷினில் ஒரே எண்ணை வைத்து ஓடிப் பார்த்தாலே தெரியும்.

ஓடும்போது உங்கள் பத்து இலக்க செல்பேசி எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. ஐந்தாவது இலக்கத்தில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறையுங்கள். அதற்குமேலும் குறைக்க முடியவில்லை என்றால் நடங்கள். எந்தக் கடிகாரத்தையும்விட நான் இதை நம்புகிறேன், ஏனென்றால் இது அன்றைய வெக்கையையும் தூக்கக்குறைவையும் சேர்த்தே கணக்கில் எடுக்கிறது.

ஸ்ட்ராவா, நைக் ரன் கிளப் போன்ற செயலிகள் வைத்திருப்பவர்கள், ஜிபிஎஸ் சிக்னல் கிடைத்த பிறகு ஓடத் தொடங்குங்கள். அந்தந்த நொடி வேகம் மரத்தடியிலும் மேம்பாலத்தடியிலும் தாறுமாறாகக் குதிக்கும். ஒரு கி.மீ. முடிந்ததும் வரும் சராசரியை மட்டும் பாருங்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் ஒரு தோள் இறுகும், இடுப்புப் பை ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

7. ஆறு வாரக் கணக்கு

முதல் இரண்டு வாரம் (இரண்டாம் படி முடிந்த பிறகு): ஒரு நாள் வெளியே, இரண்டு நாள் ட்ரெட்மில். வெளி ஓட்டத்துக்கு மறுநாள் ஓய்வு.

மூன்றாவது, நான்காவது வாரம்: இரண்டு நாள் வெளியே, ஒரு நாள் ட்ரெட்மில். வெளி நாட்கள் அடுத்தடுத்து வரக் கூடாது. ஓட்டம் மூன்று நிமிடம், நடை ஒரு நிமிடம். வலி இல்லாவிட்டால் நான்காவது வாரம் நான்கு நிமிட ஓட்டம்.

ஐந்தாவது, ஆறாவது வாரம்: மூன்று நாளும் வெளியே. ஓட்டத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக்குங்கள், இடையில் ஒரு நிமிட நடை. ஆறாவது வாரக் கடைசியில் 25 நிமிடம் நிற்காமல் ஓடிப் பாருங்கள்.

ஒரு வாரம் சரியாக வரவில்லை என்றால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். இந்த ஆறு வாரத்திலும் வேகத்தைக் கூட்டாதீர்கள். தரையும் வெக்கையும் மாறிக்கொண்டிருக்கும்போது வேகமும் மாறினால் எது தொந்தரவு தருகிறது என்று தெரியாது.

8. வண்டியும் நாயும்

நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம் போகின்றன. அதனால் நடைபாதை இல்லாத ரோட்டில் வலது பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். தவறான திசையில் பைக் வருவது நமக்குப் புதிதில்லை, எனவே முனைகளில் இரண்டு பக்கமும் பாருங்கள். நிறுத்தியிருக்கும் கார்களிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி ஓடுங்கள், கதவு திறக்கலாம். காதில் பாட்டு வேண்டும் என்றால் ஒரு காதில் மட்டும். பெண்கள் இருட்டில் தனியாகப் போக வேண்டியிருந்தால், தெருவைவிட ஆட்கள் நடமாடும் அரங்கத்தையே முதலில் தேர்ந்தெடுங்கள்.

நாய்தான் பலரை ஜிம்முக்குத் திருப்பி அனுப்புகிறது. ஓடுகிற எதையும் துரத்துவது அதன் இயல்பு. எனவே நாயைக் கண்டால் அது எழும் முன்பே ஓட்டத்தை நடையாக்குங்கள். துரத்தி வந்தால் நில்லுங்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள், முதுகைக் காட்டாமல் மெல்ல விலகுங்கள். கல்லை எடுத்து எறிந்தால் கூட்டமாகச் சேர்ந்துவிடும். அதே தெருவில் அதே நேரத்தில் ஒரு வாரம் நடந்தே போய்வந்தால் பெரும்பாலான நாய்கள் உங்களைக் கண்டுகொள்ளாது. மூன்றாம் படியில் நடந்து பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடித்தாலோ பல் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள், ரேபிஸ் வந்தபின் காப்பாற்ற மருந்து இல்லை. சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.

9. எந்த வலி சரி, எது சரியில்லை

இரண்டு கெண்டைக்காலும் ஒரே மாதிரி கனமாக இருப்பது, மாடிப்படி இறங்கும்போது இழுப்பது, இரண்டு நாளில் குறைந்துவிடுவது இதெல்லாம் தசை பழகுவதன் அடையாளம். நடக்கலாம், ஓட வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வலிப்பது, முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுருக்கென்று குத்துவது, ஓட ஓட வலி ஏறுவது, காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் தசைநார் விறைத்திருப்பது, இவை நிறுத்தச் சொல்லும் வலிகள். ஒரு வாரம் ஓட்டத்தை விட்டுவிட்டு, வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகு, முதல் வாரக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். எலும்பில் ஒரே புள்ளியில் வலி இரவிலும் இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள், அது விரிசலாக இருக்கலாம்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் எந்த வாரமானாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வாயு என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

10. ஜிம் சந்தாவை உடனே நிறுத்தாதீர்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மூடி இல்லாத வடிகாலும் இருக்கலாம், மின்கம்பத்திலிருந்து கசியும் மின்சாரமும் இருக்கலாம். தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடவே ஓடாதீர்கள். மெரினா ஓரத்து வழவழப்பான நடைபாதைக் கற்களும் ஈரத்தில் வழுக்கும். அந்த நாட்களுக்கு ட்ரெட்மில்தான்.

ஆறு வாரம் முடிந்த பிறகும் வாரம் ஒரு நாள் அங்கே போகலாம். சென்னை தட்டையான ஊர், மேடேறிப் பழக மேம்பாலங்களை விட்டால் வேறு இடம் அதிகம் இல்லை, மேம்பாலத்தில் ஓடுவது ஆபத்து. சாய்வை 4-இல் வைத்து இரண்டு நிமிடம், 0-இல் இரண்டு நிமிடம், ஆறு தடவை செய்யுங்கள். வெளியே இரண்டு நாள், உள்ளே ஒரு நாள் என்ற இந்தக் கலவையோடு இன்னும் ஒரு மாதம் போங்கள். அதன் பிறகு ஓடும் நேரத்தை வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் கூட்டலாம்.